கிறீச்சிடும் சக்கரம் – டிரம் பிரேக்கின் ஒலியும் அதன் காரணங்களும்

சுசீந்திரம் தேரோட்டத்தைக் கண்டு திரும்புவோர் வடம் பிடித்தவர்களைப் பற்றிப் பேசுவர். முட்டுக்கட்டை போட்டவர்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. தேர் வேண்டிய அளவுக்கு மேல் உருளத் தலைப்படும் அந்தக் கணத்தில், சக்கரத்தின் அடியில் ஆப்பு வடிவான கட்டையைச் செலுத்தி அதன் வேகத்தைத் தணிப்பவர்களும், தெருமுனையில் தேரின் போக்கைத் திருப்புபவர்களும் அவர்களே. நற்செயலுக்கு ஊறு செய்வதையே இன்று 'முட்டுக்கட்டை போடுதல்' என்கிறோம். தேரையும் தெருவில் நிற்போரையும் காத்த கட்டைக்கு இப்படியொரு பொருள் வந்து சேர்ந்தது சொல்லுக்கு நேர்ந்த குறையே அன்றிக் கட்டைக்கு நேர்ந்த குறை அன்று. அக்கட்டை சக்கரத்தில் உரசுங்கால் முனகும். சில வேளை கிறீச்சிடும். தேர் நிற்கிறதா என்பதையே அனைவரும் நோக்குவர். ஒலியைப் பொருட்படுத்துவார் இலர்.

மகிழுந்தின் சக்கரத்திலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. அதனைப் பிரேக் என்கிறோம். அது கிறீச்சிட்டால் மட்டும் நாம் நாணுகிறோம். எவ்வாறேனும் அவ்வொலியை அடக்கிவிடத் துடிக்கிறோம். அடக்கும் வழியிலேதான் பிழை நேர்கிறது.

நம் துறையைச் சார்ந்த நண்பர் ஒருவர் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கியிருந்தார். 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் உருவாகத் தொடங்கி, 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோன அந்த ஊர்தியை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய அம்பாசிடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. நண்பரின் கார் கல்லூரி வாயிலில் நிற்குமுன் எழுப்பும் கூவலைக் கேட்டே மாணவர்கள் வகுப்பில் அமைதியுறுவர். அவ்வகையில் அது துறைக்குப் பயன்பட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மனைவி மக்களோடு திருமண வீட்டு வாசலில் சென்று இறங்கும்போது எல்லாத் தலைகளும் திரும்புவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய மருமகன் ஒரு வழி கண்டார். மாட்டு வண்டியின் அச்சு கிறீச்சிட்டால் முன்னோர் மை இட்டனர் அல்லரோ? அவ்வாறே இதற்கும் எண்ணெய் இட்டால் என்ன? முன்சக்கரம் ஒன்றின் டிரம்மில் இருந்த துளை வழியே தேங்காயெண்ணெயைத் தாராளமாகவே விட்டார். ஒலி நின்றது. இரண்டு நாள் வீட்டில் அவருக்குப் பெரும் புகழ்.

மூன்றாம் நாள் குடும்பத்தோடு கீரிப்பாறைப் பக்கம் சென்று மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை அழுத்தினார் நண்பர். வண்டி நிற்கவில்லை, வலப்புறமாக இழுத்தது. இடப்புற முன்சக்கரம் எண்ணெயில் வழுக்க, வலப்புறச் சக்கரம் மட்டும் பற்றியதன் விளைவு அது. கியரைக் குறைத்து, கைபிரேக்கையும் இழுத்து, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உராய்ந்தவாறு நிறுத்தினார். காரில் ஐவர் இருந்தனர், ஒருவருக்கும் காயமில்லை. மறுநாள் தக்கலையில் முதிய மெக்கானிக் ஒருவர் சக்கரத்தைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எண்ண விட்டா சத்தம் நிக்கும் சாரே, வண்டி நிக்காது" என்றார்.

ஒலி பிறக்கும் இடம்

பிரேக், டிரம், ஷூ, லைனிங் என்னும் சொற்களுக்குத் தமிழில் நல்ல கலைச்சொற்கள் ஆக்கலாம், ஆக்கவும் வேண்டும். எனினும் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பட்டறைக்குச் செல்பவர் அங்கு வழங்கும் சொல்லைச் சொன்னால்தான் காரியம் நடக்கும் ஆதலின், ஈண்டு அவற்றையே ஆளுகிறோம்.

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புக் கலம். அடிப்பக்கம் கொண்ட பெரிய சட்டியைக் கவிழ்த்து வைத்தது போன்றது. அதனுள்ளே, சுழலாத தகடு ஒன்றில், பிறைநிலா வடிவில் இரண்டு ஷூக்கள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் வெளிவளைவில் ஒட்டியோ ரிவெட் அடித்தோ வைக்கப்பட்டுள்ள உராய்வுப் பட்டையே லைனிங். நாம் மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய்வழிச் சென்று வீல் சிலிண்டரின் பிஸ்டன்களைத் தள்ளும். அவை ஷூக்களை வெளிநோக்கி விரிக்கும். லைனிங் டிரம்மின் உட்சுவரை அழுத்தி உரசும். காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் ஷூக்களைப் பின்னிழுத்துக்கொள்ளும்.

உராய்வு எப்போதும் சீராக நிகழ்வதன்று. பற்றுதல், நழுவுதல், மீண்டும் பற்றுதல் என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும் சிறு துடிப்புகள் ஷூவுக்கோ டிரம்முக்கோ இயல்பாக அமைந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், அவை ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு பேரொலியாகும். நம் செவியைத் துளைக்கும் கிறீச்சொலி பெரும்பாலும் 1000 ஹெர்ட்சுக்கு மேற்பட்டது. டிரம்மே இங்கு மணி. லைனிங் அதன் நாக்கு.

இதனை விளங்கிக்கொள்ள ஆசிரியர்கள் பட்டறைக்குச் செல்ல வேண்டியதில்லை. கரும்பலகையில் நீண்ட சுண்ணக்கட்டியை நேர்க்குத்தாகப் பிடித்து எழுதினால் வகுப்பு முழுதும் பல் கூசுமாறு ஒலி எழும். அப்போது நாம் பலகையில் எண்ணெய் பூசுவதில்லை. கட்டியை இரண்டாக ஒடிக்கிறோம். அல்லது சாய்த்துப் பிடிக்கிறோம். உராய்வு அப்படியே இருக்கிறது, எழுத்தும் விழுகிறது, அதிர்வுக்கு இடமில்லாமற் போகிறது. டிரம் பிரேக்கின் கிறீச்சொலியைத் தீர்க்கும் நன்முறைகள் யாவும் இந்தச் சுண்ணக்கட்டியின் வழியைப் பின்பற்றுவனவே. உராய்வைக் கெடுக்காமல் அதிர்வை மட்டும் கெடுக்க வேண்டும். மாட்டு வண்டியின் அச்சுக்கு உராய்வு பகை. பிரேக்குக்கோ உராய்வே உயிர். அச்சுக்கு இட்ட மையைப் பிரேக்குக்கும் இட்டதுதான் நண்பரின் மருமகன் செய்த பிழை.

எந்த ஒலி, எப்போது?

எல்லாக் கிறீச்சொலியும் நோயின் குறி அன்று. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டையும் பெறும் மாவட்டம் நம்முடையது. இரவு முழுதும் மழையில் நின்ற வண்டியின் டிரம்மில் காலைக்குள் மெல்லிய துருப்படலம் படியும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். துருப் படிந்த பரப்பு சற்று மிகுதியாகவே பற்றும், ஆகவே கூவும். நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் துரு தேய்ந்து ஒலி மறைந்தால் அஞ்ச வேண்டுவதில்லை.

நாள் முழுதும், வெயிலிலும், ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தொடர்ந்து எழும் கீச்சொலி வேறு. மலையிறக்கத்தில் நெடுநேரம் மிதியிலேயே காலை வைத்திருந்தவர்களின் வண்டியில் இதனை மிகுதியும் கேட்கலாம். மிகுந்த வெப்பத்தால் லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து இறுகிவிடும். அத்தகைய லைனிங் சரியாகப் பற்றாது. ஆனால் நன்றாகக் கூவும். வெப்பத்தில் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுவதும், உராய்வுத் திறன் குன்றுவதும் சேர்ந்து, மிதி ஆழ்ந்து இறங்கியும் வண்டி நிற்காத நிலை ஏற்படும். பாலமோர் போன்ற தோட்டப் பாதைகளில் இறங்குவோர், ஏறிய கியரிலேயே இறங்குவது நன்று என்பதன் காரணம் இதுவே.

இரும்பும் இரும்பும் தேயும் கரகரப்பொலி கேட்டாலோ வண்டியை எடுக்கவே கூடாது. லைனிங் தேய்ந்து ரிவெட் தலையோ ஷூவின் இரும்போ டிரம்மை அறுக்கிறது என்பது அதன் பொருள். மிதியைத் தொடாதபோதும் ஒலி எழுந்தால், ஷூ பின்வாங்காமல் உரசிக்கொண்டிருக்கலாம், உட்தகடு வளைந்து டிரம்மைத் தொடலாம், பேரிங்கும் பழுதுற்றிருக்கலாம். ஒலியை இவ்வாறு இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்குப் பட்டறையிற் பாதிச் செலவு குறையும்.

ஒலியை அடக்கிய கல்நார்

இவ்வொலியின் வரலாறு பிரேக்கின் வரலாற்றளவு பழமையானது. 1902இல் பிரான்சு நாட்டு லூயி ரெனோ டிரம் பிரேக்கை இன்றைய வடிவுக்கு நெருக்கமாக அமைத்தார். அதே 1902இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். லான்செஸ்டரின் பிரேக்கில் உலோகத்தின்மேல் செம்பு உரசியது. அது எழுப்பிய அலறலைத் தாங்க முடியாமல் மக்கள் வெறுத்தனர். அதற்குத் தீர்வு தந்தவர் ஹெர்பர்ட் புரூட் என்னும் ஆங்கிலேயர். டெர்பிஷயர் மலைச்சரிவில் இறங்கும் வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய காலணிகளைப் பொருத்துவதைக் கண்டே அவருக்கு இத்துறையில் எண்ணம் தோன்றியது என்பர். 1897இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னர் பெரோடோ எனப் பெயர்பெற்றது. முதலில் பருத்தியை நம்பிய அவர், சில ஆண்டுகளில் வெப்பத்துக்கு அசையாத கல்நாருக்கு மாறினார். கல்நார் லைனிங் அலறவில்லை, எரியவில்லை, விலையும் குறைவு. உலகமே அதனை ஏற்றது.

அது தேய்ந்து உதிரும் தூசு மனிதனின் நுரையீரலில் தங்கி, 20, 30, 40 ஆண்டுகள் கழித்துப் புற்றாக வெளிப்படும் என்பதை உலகம் காலந்தாழ்த்தே ஒப்புக்கொண்டது. கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகுத்துள்ளது. பிரிட்டன் 1999இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் 2005இலும் கல்நாரைத் தடைசெய்தன. 2024 மார்ச்சில் அமெரிக்கா வெண்கல்நாருக்குத் தடை விதித்தபோது பிரேக் கட்டைகளும் அதில் அடங்கின. நம் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்புகளை நெடுங்காலம் பேணவும் அவர்களுக்குக் காப்பீடு செய்யவும் ஆணையிட்டது. எனினும் வெண்கல்நார் இந்தியாவுக்கு இன்னும் இறக்குமதியாகிறது. கல்நார் கலவாத லைனிங்குகள் பரவலாகக் கிடைக்கின்றன என்பது உண்மையே; ஆனால் பழைய வண்டியின் டிரம்முக்குள் எந்தக் காலத்து லைனிங் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஒருவராலும் இயலாது.

இதனை இத்துணை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கருந்தூசு குவிந்திருக்கும். நம் பட்டறைகள் பலவற்றில் தொழில் பழகும் இளைஞர் முதலிற் செய்வது காற்றுக்குழாயை எடுத்து அத்தூசை ஊதுவதுதான். குழாய் இல்லையென்றால் வாயால் ஊதுவர். ஒரே ஊதலில் பட்டறை முழுதும் பரவும் அத்தூசு இருபது வயதில் ஒன்றும் செய்யாது. ஐம்பதில் கணக்குக் கேட்கும். ஊதவே கூடாது. சோப்பு நீரில் நனைத்த துணியாலோ, பிரேக்குக்கென விற்கும் துப்புரவுத் திரவத்தாலோ ஈரமாகத் துடைத்தெடுத்து, அத்துணியை உறையிற் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். முகக்கவசம் அணிவதை அண்மைக் காலத்தில் நாமனைவரும் பழகியிருக்கிறோம்; சாதாரணத் துணிக்கவசம் நுண்ணிழையைத் தடுக்காது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். உங்கள் வண்டியைப் பழுதுபார்க்கும் பிள்ளை ஊதத் தொடங்கினால், "தம்பி, ஊத வேண்டாம், நனைத்துத் துடை" என்று சொல்லும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. கடமையும் அதுவே.

கழற்றிப் பார்த்தல்

சமதரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான ஸ்டாண்டு கொடுத்தே வேலையைத் தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் கை வைத்தல் தகாது. பின்சக்கரமாயின் கைபிரேக்கைத் தளர்த்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரிப்பது நன்று. ஸ்பிரிங்குகள் எவ்வாறு கொக்கியிட்டிருந்தன என்பதை மறந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஈரம் இருக்கிறதா என்று நோக்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல நீக்கினால் உள்ளே திரவம் கசிந்திருப்பது தெரியும். அச்சுப் பக்கத்து எண்ணெய்த் தடுப்பு வளையம் கெட்டும் எண்ணெய் வரலாம். எண்ணெயோ திரவமோ ஊறிய லைனிங்கைக் கழுவியும் காயவைத்தும் பயனில்லை. வெப்பமேறும்போது உள்ளே ஊறியது மேலே வரும். கசிவை நிறுத்தியபின், அந்த அச்சின் இரு பக்கத்துக்கும் சேர்த்தே புதிய லைனிங் இட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். நண்பரின் காரில் தேங்காயெண்ணெய் ஊறிய ஷூக்கள் அவ்வாறுதான் குப்பைக்குப் போயின. அவற்றில் லைனிங் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது என்பது வருத்தத்துக்குரியது.

லைனிங் நல்ல கனத்தோடு இருந்தும் பளபளப்பேறி இறுகியிருந்தால், உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கலாம். வெப்பத்தில் வெடித்தோ நொறுங்கியோ இருந்தால் மாற்றுவதே தக்கது.

டிரம்மைச் சந்தையில் மண்பானை வாங்குவது போலவே சோதிக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். ஒலி மழுங்கினால் கீறல் இருக்கக்கூடும். உட்சுவரில் ஆழ்ந்த வரைகளும், வெப்பத்தால் நீலம் பாய்ந்த கடினத் திட்டுகளும் கிறீச்சொலிக்குக் காரணமாகும். லேத்துப் பட்டறையில் கடைந்து சீராக்கலாம். ஆயினும் கடையக் கடைய டிரம் மெலிகிறது. மெலிந்த டிரம் மெல்லிய வெண்கல மணியைப் போல் மேலும் எளிதாக ஒலிக்கும், வெப்பத்தையும் தாங்காது. கடையக்கூடிய பேரளவு விட்டம் பல டிரம்களின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதனைத் தாண்டியதைப் பழைய இரும்புக்குப் போடுவதுதான் முறை. நான்காம் முறையாகக் கடைந்து தருமாறு கெஞ்சும் வண்டிக்காரர்களை நாம் கண்டிருக்கிறோம். நண்பரும் அவர்களுள் ஒருவர்.

பலர் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. பலமுறை கடைந்து அகன்றுவிட்ட டிரம்மில் புதிய லைனிங் இட்டால், இரண்டின் வளைவும் பொருந்தா. லைனிங்கின் ஒரு பகுதி மட்டும் பட்டு, பிறபகுதி எட்டாமல் நிற்கும். புது லைனிங் போட்ட மறுநாளே வண்டி முன்னினும் கூவுவதன் மருமம் பெரும்பாலும் இதுதான். உட்சுவரில் சுண்ணக்கட்டியைத் தடவி, ஷூவை வைத்துத் திருப்பிப் பார்த்தால் எங்கே படுகிறது என்பது வெள்ளையாகத் தெரியும். டிரம்மின் வளைவுக்கேற்ப லைனிங்கைத் தேய்த்தமைத்து, அதன் இரு முனைகளையும் அரத்தால் சிறிது சரித்துவிட வேண்டும். கூர்முனை முதலில் டிரம்மைக் கடித்துத் துடிப்பதைச் சரிவு தடுக்கிறது. சுண்ணக்கட்டியைச் சாய்த்துப் பிடிப்பதும் இதுவும் ஒன்றே. இவ்வேலைக்குரிய தூசும் முன்னர்ச் சொன்ன தூசே; ஆதலின் ஈரத்தோடு செய்க.

ஸ்பிரிங்குகள் மலிவானவை, ஆகவே எவரும் மாற்றுவதில்லை. வெப்பத்தில் வலுவிழந்த ஸ்பிரிங் ஷூவை இறுகப் பிடிக்காது. பிடிப்பற்ற ஷூ அதிரும். லைனிங் மாற்றும்போதெல்லாம் ஸ்பிரிங்கையும் மாற்றுவது நன்று.

கிரீசுக்கும் ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லாவிடில் வண்டி மையின் பெருமையைக் குறைத்தவராவோம். ஷூவின் விளிம்பு உட்தகட்டின்மேல் சில மேடுகளில் சாய்ந்து நகரும். அம்மேடுகள் துருவேறினால் அங்கிருந்தும் கிறீச்சொலி எழும். துருவைத் தேய்த்து நீக்கி, மிகுவெப்பம் தாங்கும் பிரேக் கிரீசை அம்மேடுகளில் மட்டும் நகத்தளவு மென்மையாகத் தடவலாம். கொஞ்சம் அதிகமானாலும் அது உருகி லைனிங்கைச் சேரும். லைனிங்கிலோ டிரம்மின் உட்சுவரிலோ கைவிரலின் எண்ணெய்ப் பசைகூடப் படலாகாது.

இவ்வளவும் செய்தபின் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்து மூட வேண்டும். புது லைனிங் உடனே முழுமையாகப் பற்றாது. ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைப்பதும், சற்றுத் தொலைவு ஓட்டி ஆறவிடுவதுமாக இருபது முப்பது முறை செய்தால் இரு பரப்புகளும் ஒன்றுக்கொன்று இணங்கும். முதல் நாளே மலைப்பாதையில் இறங்குவது அதனை மீண்டும் பளபளப்பாக்கிவிடும்.

நண்பர் ஆரல்வாய்மொழிச் சாலையில் ஒரு விடியற்காலையில் இதனைச் செய்தார். மருமகன் உடனிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். கார் இப்போது பெரும்பாலும் ஓசையின்றி நிற்கிறது. ஆனி, ஆடி மாதத்து மழைக் காலைகளில் மட்டும் கல்லூரி வாயிலில் ஒருமுறை கூவும். அதற்கு அவர் ஒன்றும் செய்வதில்லை.